கொழும்பில் பேசப் போனதும், பேசி முடித்த பிறகு பார்த்த ஊரும்

வெளிநாட்டு மாநாட்டில் பேசப் போகிறவர்கள் பலர் ஊர் சுற்றுவதை முதலிலேயே முடித்துவிட்டு, பேச்சு ஆன மறுநாள் காலையில் விமானம் ஏறிவிடுகிறார்கள். கல்லூரிகளில் விடுப்பு கிடைக்கிற லட்சணமும் அதற்குத்தான் தோதாக இருக்கிறது. ஆனால் கொழும்புக்குப் போய்வந்த பிறகு யார் யோசனை கேட்டாலும் நான் முதலில் சொல்வது, கையில் இருக்கும் நாட்களைப் பேச்சுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். பேசுவதற்கு முன்னால் அந்த ஊருக்கு நீங்கள் வந்து போகும் ஒரு பயணி. பேசி முடித்துக் கீழே இறங்கியதும் நாலு பேர் வந்து, "நாளைக்கு என்ன செய்யப் போறீங்கள்?" என்று கேட்பார்கள். அதற்கு "சும்மாதான் இருக்கிறேன்" என்று பதில் சொல்ல முடிந்தால் பயணமே வேறாகிவிடும்.

நான் வேலூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். பழைய தமிழ் இதழ்களைச் செப்பனிட்டு, ஸ்கேன் செய்து, தேடிப் படிக்கும்படி அடுக்கி வைப்பது எங்கள் நூலகத்தின் முக்கியமான வேலை. நூலகர்களும் ஆவணக் காப்பாளர்களும் கூடிய ஒரு மாநாட்டில் அதைப் பற்றிப் பேச அழைத்திருந்தார்கள்.

முதலில் காகித வேலை. இலங்கைக்குப் போகும் இந்தியர்கள் இ.டி.ஏ. என்ற மின்னணுப் பயண அனுமதியை முன்கூட்டியே எடுத்துவிடுவது நல்லது. அதில் சுற்றுலா, வணிகம் என்று தனித்தனி வகைகள் இருக்கின்றன. மாநாடு, கருத்தரங்கு, பயிலரங்கு எல்லாம் வணிக வகையில் வரும். "பக்கத்து நாடுதானே, சுற்றுலா என்றே போட்டுக்கொள்" என்று சொல்பவர்கள் உண்டு. அதைக் கேட்காதீர்கள். குடிவரவு அதிகாரி எதற்காக வந்தீர்கள் என்று கேட்டால் அழைப்புக் கடிதத்தை நீட்டி உள்ளதைச் சொல்லிவிடலாம் என்ற நிம்மதி பெரியது. கட்டணமும் விதிகளும் மாறிக்கொண்டே இருப்பதால், கிளம்புவதற்குச் சில வாரங்களுக்கு முன் இலங்கை அரசின் தளத்திலேயே பார்த்து விண்ணப்பியுங்கள். அரசுத் தளம் போலவே தோற்றமளிக்கும் தரகர் தளங்கள் கூடுதலாகப் பணம் வாங்கும். மதிப்பூதியம் உண்டென்றால் அதை எந்த முறையில் தரலாம் என்பதை அமைப்பாளர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வகை அனுமதியில் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது.

இன்னும் இரண்டு சின்ன விஷயங்கள். இலங்கையில் இப்போது மூன்று பட்டைக் கால் வைத்த பிரிட்டிஷ் பாணி பிளக்தான் பொதுவானது. பழைய கட்டடங்களில் நம்மூர் உருண்டைக் கால் பிளக் பொருந்தும், புதியவற்றில் பொருந்தாது. சென்னையிலேயே ஒரு அடாப்டர் வாங்கிக்கொண்டேன். அடுத்து, தமிழில் ஸ்லைடு தயாரிப்பவர்கள் அதை பி.டி.எஃப். ஆக மாற்றி ஒரு பிரதி கட்டாயம் கையில் வைத்திருக்க வேண்டும். அரங்கத்துக் கணினியில் நம் எழுத்துரு இல்லாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி உட்கார்ந்துவிடும். எனக்கு முன்னால் பேசியவருக்கு அப்படித்தான் ஆனது. பாவம், ஒரு வருட உழைப்பைத் திரையில் கட்டம் கட்டமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நேரம் மாற்ற வேண்டியதில்லை, இந்தியாவும் இலங்கையும் ஒரே கடிகாரத்தில் ஓடுகின்றன. சென்னையிலிருந்து விமானம் ஒன்றரை மணி நேரத்துக்குள் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து கொழும்பு முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். விரைவுச்சாலை இருப்பதால் டாக்சியில் சீக்கிரம் போய்விடலாம். செலவைக் குறைக்க நினைத்தால் 187 ஆம் எண் பஸ் இருக்கிறது. வருகைக் கூடத்திலேயே வங்கிக் கவுண்டர்கள் வரிசையாக இருக்கும். அங்கே பணத்தை மாற்றிக்கொண்டு ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். மிச்சப் பணத்தைத் திரும்ப மாற்றும்போது கேட்பார்கள்.

இனி பேச்சுக்கு வருகிறேன். சிங்களமும் தமிழும் இலங்கையின் ஆட்சிமொழிகள், ஆங்கிலம் இணைப்பு மொழி. அந்த மாநாட்டில் மூன்றுக்கும் உடனடி மொழிபெயர்ப்பு வைத்திருந்தார்கள். நான் தமிழில் பேசுவதாக முதலிலேயே எழுதிவிட்டேன். கூண்டுக்குள் இருக்கும் மொழிபெயர்ப்பாளர்கள் இருவர் இருவராகத்தான் வேலை செய்வார்கள். அரை மணிக்கு ஒருமுறையாவது ஆள் மாறுவார்கள், மூளை அதற்கு மேல் தாங்காது. அவர்களை நம்பித்தான் பாதி அரங்கம் நம் பேச்சைக் கேட்கிறது. அதனால் உரையின் முழு வடிவத்தையும், அதில் வரும் துறைச் சொற்களின் பட்டியலையும் சில நாட்களுக்கு முன்பே அனுப்பியிருந்தேன். அமிலத்தன்மை, லிக்னின், எழுத்துணரி, மீத்தரவு, ஒருங்குறி என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வரி விளக்கம். வந்திறங்கிய அன்று மாலை அவர்களில் ஒருவர் அரங்கத்துக்கு வெளியே என்னைத் தேடிவந்து, பிளேன்டீ குடித்தபடியே தாள்களைப் புரட்டினார். "மிஸ், வருஷம், எண்ணிக்கை, ஆள் பேர் வாற இடத்தில ஒரு மூச்சு விட்டுட்டுச் சொல்லுங்கோ. மூண்டாம் பக்கத்தில ஒரு பழமொழி கிடக்கு, அதை எடுத்துப்போடுங்கோ. நான் அதைச் சிங்களத்தில விளங்கப்படுத்தி முடிக்க முதல் நீங்கள் அடுத்த பக்கத்துக்குப் போயிடுவீங்கள்" என்றார். எடுத்துவிட்டேன். மொழிபெயர்ப்பு வைத்த மேடையில் பேசப் போகிற எல்லோரும் இதைக் குறித்துக்கொள்ளலாம். உங்களுக்கு இருபது நிமிடம் தந்திருந்தால் பதினைந்து நிமிடத்துக்கான விஷயத்தை மட்டும் எடுத்துப் போங்கள். வேகம் குறையும்போது உரை நீளும்.

நான் பேசியது தாளைப் பற்றி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மரக்கூழிலிருந்து மலிவாகத் தாள் செய்யத் தொடங்கியபோது, மரநாரை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பொருளும் மை பரவாமலிருக்கச் சேர்த்த படிகாரமும் தாளுக்குள்ளேயே இருந்துவிட்டன. தாள் தனக்குள் அமிலத்தைச் சுரந்து பழுப்பேறி, மடித்த இடத்தில் ஒடிகிறது. பழைய நாளிதழ்கள் துணிக்கூழில் செய்த இருநூறு வருடத்துப் புத்தகங்களைவிட வேகமாக நொறுங்குவது இதனால்தான். செல்லோடேப் ஒட்டினால் அந்தப் பசை மஞ்சளாகி ஊறி எழுத்தையும் சேர்த்து அழிக்கும். ஸ்கேன் செய்வதற்கு முன் தூசி தட்டி, கிழிசலுக்குச் சோற்றுக்கஞ்சியோ கடைப் பசையோ தொடாமல், மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுச்சத்துப் பசையும் வைக்க வேண்டும். இப்படிப் போனது என் உரை.

கேள்வி நேரத்தில் எழுந்த முதல் ஆள், கடலோரத்தில் ஒரு நூலகத்தைப் பார்த்துக்கொள்பவர். உங்கள் வேலூர் வெயிலில் தாள் காய்ந்து ஒடிகிறது, கொழும்பின் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு பூஞ்சை பிடிக்கிறது, நீங்கள் சொன்ன முறையில் எது எங்களுக்கும் பொருந்தும், எது பொருந்தாது என்று கேட்டார். அருமையான கேள்வி. அங்கே காற்றின் ஈரப்பதம் வெளியே எண்பது சதவீதம் வரை போவது சாதாரணம். தாளுக்கு ஐம்பதை ஒட்டி இருந்தால் போதும். அடைத்த பெட்டியை அங்கே பரிந்துரைக்க முடியாது, காற்றோட்டந்தான் முதல் மருந்து என்று நாங்கள் இருவரும் மேடையிலும் கீழிருந்துமாகப் பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். அந்தப் பத்து நிமிடந்தான் அன்றைய அமர்வின் உயிர் என்று இப்போதும் நினைக்கிறேன். வெளியூரில் அனுபவம் சொல்லப் போகிறவர்கள் எந்த மண்ணில், எந்த வெயிலில் கிடைத்த அனுபவம் இது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தேநீர் இடைவேளையில் கொழும்பிலேயே கொட்டாஞ்சேனைப் பகுதியிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். "என்ரை அப்பா கட்டி வைச்ச தொகுதியள் கொஞ்சம் வீட்டில கிடக்கு பிள்ளை. மெட்ராஸ் மாத இதழ்கள். ஒருக்கா வந்து பாருங்கோ" என்றார். இதழின் பெயரைச் சொன்னதும் எனக்குக் கை நடுங்கியது. 1930களில் வந்த அந்த இதழில் சில வருடங்கள் எங்களிடம் அறவே கிடையாது. சென்னையிலும் தேடி ஓய்ந்திருந்தோம்.

மாநாடு முடிந்த மறுநாள் தேசிய அருங்காட்சியகம். ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இப்போது கொழும்பில் நூலகராக இருக்கும் ஒரு பெண் கூட்டிப்போனாள். "அக்கா, உள்ள போனா மொதல்ல அந்தக் கல்லப் பாத்துருவோம், மத்ததெல்லாம் பெறகு" என்று நேராக அழைத்துக்கொண்டு போனாள். ஆளுநர் வில்லியம் கிரெகரி காலத்தில், 1877 இல் திறந்த வெள்ளைக் கட்டடம் அது. அவள் சொன்ன கல் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்தது. 1409 ஆம் ஆண்டுக் காலக்குறிப்போடு சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் பொறித்தது. காலி என்ற தென்கரை நகரத்தில் ஒரு மதகை மூடும் பலகைக் கல்லாகக் கிடந்ததை 1911 இல் ஒரு பொறியாளர் கண்டெடுத்தார். சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாருக்கு, அதாவது தெய்வேந்திரமுனையில் எழுந்தருளியிருந்த திருமாலுக்கு. பாரசீகப் பகுதி இறைவன் அல்லாஹ்வுக்கு. பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியலும் உண்டு. பாரசீக எழுத்துகள் மிகவும் தேய்ந்துவிட்டன. இந்தக் கடற்கரைக்கு வந்து எதையாவது எழுதி வைக்க வேண்டுமென்றால் தமிழிலும் எழுத வேண்டும் என்பது அறுநூறு வருடங்களுக்கு முன் சீனாவின் நான்கிங்கில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த எண்ணம் வந்ததும் என்னால் அங்கிருந்து சட்டென்று நகர முடியவில்லை.

அடுத்து கண்டி அரியணை. 1693 இல் ஒல்லாந்தர்கள், அதாவது டச்சுக்காரர்கள், இரண்டாம் விமலதர்மசூரிய மன்னருக்குக் கொடுத்தது. 1815 இல் கண்டி வீழ்ந்ததும் ஆங்கிலேயர் இங்கிலாந்துக்கு எடுத்துப்போய், 1934 இல் திருப்பிக் கொடுத்தார்கள். அதில் கடைசியாக அமர்ந்தவர் நாயக்கர் வம்சத்து ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். அவரைச் சிறைப்பிடித்து எங்கள் வேலூர்க் கோட்டைக்குத்தான் கொண்டுவந்தார்கள். 1832 இல் அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்ற பெயரில் இருக்கும் அவருடைய சமாதி வழியாக நான் எத்தனையோ முறை பஸ்ஸில் போயிருக்கிறேன். இதை அந்தப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அவர்களுடைய டீச்சரும் காதுகொடுக்க, நான் இன்னொரு முறை முதலிலிருந்து சொன்னேன். டீச்சர் சிங்களத்தில் சொல்லிக் கொடுத்தார். ஊருக்குத் திரும்பியதும் மண்டபத்தைப் படமெடுத்து அவர்களுக்கு அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கொழும்பின் கடைவீதிப் பகுதியான புறக்கோட்டை. அன்று கடைகள் பெரும்பாலும் மூடியிருப்பதால் கட்டடங்களை நிமிர்ந்து பார்த்தபடி நடக்கலாம். வேலைநாளில் போனால் மூட்டைத் தூக்குபவர்கள் நின்று பார்க்க விடமாட்டார்கள், அவர்கள் பிழைப்பு அது. சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல் 1909 இல் கட்டி முடித்தது. நகைக்கடைகள் நிறைந்த செட்டியார் தெருவில் கதிரேசன் கோயில்கள். ஆடிவேல் விழாவில் தேர் புறப்படுவது இங்கிருந்துதான். மேடேறிப் போனால் ஒல்லாந்தர்கள் 1757 இல் திறந்த வுல்வெண்டால் தேவாலயம். அப்படியே நடந்தால் கொச்சிக்கடை. புனித அந்தோனியார் திருத்தலத்துக்கு எல்லா மதத்தவரும் வருகிறார்கள். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த இடங்களில் அதுவும் ஒன்று. உள்ளே போகிறவர்களின் பைகளைச் சோதிக்கிறார்கள், பொறுமையாகக் காட்டுங்கள். அதற்குச் சற்றுத் தள்ளிப் பொன்னம்பலவாணேசுவரர் கோயில். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லிலேயே எடுப்பித்தது. உள்ளே தூண்களுக்கு நடுவில் உட்கார்ந்தால் வெளியே கொழும்பு என்பது மறந்துபோகும். இத்தனையும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. குடை, தண்ணீர், தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை, கழற்ற எளிதான செருப்பு. இவை போதும். பௌத்த விகாரைகளில் புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்கக்கூடாது. கடுமையாக எடுத்துக்கொள்வார்கள்.

அங்கிருந்து கொட்டாஞ்சேனைப் பெரியவரின் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி இடியப்பமும் சொதியும் கட்டைச்சம்பலும் வைத்துவிட்டு, "சாப்பிட்டுட்டுத்தான் புத்தகத்தைத் தொடலாம்" என்றார். பிறகு தொகுதிகள் வந்தன. துணி அட்டை, முதுகில் கையால் எழுதிய வருடம். நான் தேடிக்கொண்டிருந்த வருடங்களில் பெரும்பகுதி அங்கே இருந்தது. ஒன்றை மட்டும் முன்கூட்டியே தீர்மானித்துப் போயிருந்தேன். கேட்கக்கூடாது, கொடுத்தாலும் வாங்கிவரக்கூடாது. அவருடைய அப்பா சேர்த்த தொகுதி அந்த வீட்டிலேயே இருக்கட்டும். ஜன்னலோரம் மேசை போட்டு, முதுகு வெடிக்காதபடி பாதி மட்டும் விரித்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் போனிலேயே எப்படித் தெளிவாகப் படமெடுக்கலாம் என்று அவருடைய பேரனுக்குக் காட்டினேன். பொருளடக்கப் பக்கங்களை எல்லாம் அன்றைக்கே எடுத்துக்கொண்டேன்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வீட்டில் பேச்சு 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை நோக்கித் தானாகவே போனது. தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள், ஏடுகள். அந்த மூத்தவர்களுக்கு அது நேற்று நடந்தது மாதிரி. போரைப் பற்றியும் இழப்பைப் பற்றியும் நாமாக ஆரம்பிக்க வேண்டாம், நமக்குத் தெரிந்ததாக நினைக்கும் முடிவுகளை அவர்கள்மேல் ஏற்றவும் வேண்டாம். அவர்கள் சொல்லத் தொடங்கினால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்கு அங்கே கிடைக்கும் பாடம் எந்த உரையிலும் கிடைக்காது. ஒரே பிரதி ஒரே இடத்தில் இருக்கக்கூடாது என்பதை அந்தப் பெரியவர் எனக்குத் தொழில்நுட்பமாகச் சொல்லவில்லை, தான் வாசித்த மேசையைச் சொன்னார். 2005 இல் தன்னார்வலர்கள் தொடங்கிய "நூலகம்" என்ற பெயருள்ள இணைய நூலகம் இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் இவ்வளவு பிடிவாதமாகச் சேர்த்து வருவது ஏன் என்று அன்று எனக்கு முழுதாக விளங்கியது.

தேசிய சுவடிக்கூடத்துக்குப் போவதாக இருந்தால் வேலைநாளை ஒதுக்குங்கள். பௌர்ணமி தோறும் போயா விடுமுறை, அரசு அலுவலகங்கள் மூடியிருக்கும். பயணத் தேதி போடும்போதே இலங்கை நாட்காட்டியைப் பார்த்துவிடலாம். ஒல்லாந்தர் ஆட்சிக்கால ஆவணங்கள் அங்கே இருக்கின்றன. அச்சகங்கள் அரசிடம் பிரதி ஒப்படைக்க வேண்டும் என்று 1885 இலேயே சட்டம் வந்துவிட்டதால் பழைய தமிழ் அச்சு நூல்களைத் தேடுபவர்களுக்கும் அது முக்கியமான இடம்.

கொழும்பின் தென்பகுதியில் தமிழர்கள் நிறைந்த வெள்ளவத்தை தனி உலகம். காலி வீதியில் புடைவைக் கடைகளும் சைவக் கடைகளும் நெருங்கி நிற்க, உள்ளே ஒழுங்கை என்று அவர்கள் சொல்லும் சந்தில் 1942 இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம். அதன் நூலகத்தில் ஒரு பிற்பகலைக் கழித்தேன். பூபாலசிங்கம் புத்தகசாலையில் வாங்கிய நூல்களுக்காக என் துணிமணிகளில் பாதியை அமைப்பாளர் வீட்டில் விட்டுவரத் தயாராக இருந்தேன். இலங்கையில் அச்சாகும் தமிழ்ப் புத்தகங்கள் இங்கே எளிதில் கிடைப்பதில்லை. போகும்போதே பெட்டியில் இடம் விட்டுப் போங்கள். மாலையில் வெள்ளவத்தை ஸ்டேஷனில் கல்கிசைக்கு டிக்கெட் எடுத்து ரயிலில் வலதுபக்கம் நின்றுகொண்டால் கடல் கூடவே வரும். அலுவலகம் விடும் நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். காலி முகத்திடலில் இறால் வடை நன்றாக இருக்கும். ஆட்டோவுக்கு பிக்மீ செயலியைப் போட்டுக்கொண்டால் பேரம் பேச வேண்டாம்.

ஊருக்கு வந்ததும் கொழும்புப் பெரியவரின் தொகுதிகளையும் எங்கள் இருப்பையும் சேர்த்து ஒரே அட்டவணையாகப் போட்டோம். அவருடைய பேரன் சனி, ஞாயிறுகளில் படமெடுத்து அனுப்புகிறான். ஹட்டன் பெண் கொழும்பிலிருந்து அட்டவணையைச் சரிபார்க்கிறாள். எங்களிடம் இருக்கும் இலங்கை இதழ்களின் பிரதிகள் இங்கிருந்து போகின்றன. இரு பக்கமும் இல்லாத இதழ்கள் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. அவற்றுக்காக இப்போது பினாங்கிலும் சிங்கப்பூரிலும் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.